வாயக்காவின் அரை மில்லி

பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறது. கண் மூடியிருக்கிறது. தாடை மட்டும் ஒரே சீராக அசைகிறது. இருபத்து நான்காவது மெல்லலில் எல்லாம் நிற்கும். வாய்க்குள் இருப்பதை நாக்கால் ஒரு புரட்டுப் புரட்டி, அண்ணத்தில் அழுத்திப் பார்த்து, கன்னத்துக்குள் ஒதுக்கி, எதிரே உள்ள வெள்ளைக் கிண்ணத்தில் துப்புவார். "ம்" என்று சத்தம் வந்தால் பச்சைச் சீட்டு. "ம்ஹூம்" என்று வந்தால் சிவப்புச் சீட்டு. அந்த ஒரு சத்தத்துக்காக வெளியே நாற்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அவர் பெயரைக் கேட்டால் தொழிற்சாலையில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். வாயக்கா என்று கேளுங்கள், வாசல் காவலாளியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார். பட்டப்பெயருக்குக் காரணம் இரண்டு. இந்த பிஸ்கெட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் வாயை வைத்துத்தான் பிழைக்கிறார். அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பேட்ச்சையும் ருசி பார்த்து, அது கடைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்வது அவர் வேலை. இரண்டாவது காரணம், பிஸ்கெட் இல்லாத நேரத்திலும் அந்த வாய் சும்மா இருப்பதில்லை.

பேசுவது ஊர்வம்பு என்று நினைத்துவிடாதீர்கள். எச்சில்! ஆமாம், எச்சிலைப் பற்றித்தான். மற்றவர்கள் முகம் சுளிக்கிற அந்தச் சமாசாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்காவின் கண் இரண்டும் பளபளக்கும், கை தானாக மேலே எழும். "கடிக்கிறது மட்டுந்தான் பல்லு. அதுக்கப்புறம் அத்தனை வேலையும் எச்சில்தான் பாக்குது. பல்லுக்கு மட்டும் பேரு, எச்சிலுக்குத் திட்டு. இது என்ன நியாயம்?" என்பார். நியாயம் இல்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார்.

விருந்துகளில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான். அவர் தன் தட்டைப் பார்க்கமாட்டார், உங்கள் தாடையைப் பார்ப்பார். நாலு மெல்லலில் விழுங்கிவிட்டீர்களோ, முடிந்தது கதை. "ஏங்க, வாய்க்குன்னு ஒரு வேலை இருக்குல்ல? அதையும் கொண்டுபோய் வயித்துத் தலையில கட்டினா அது என்ன பண்ணும், பாவம்?" சொந்தத் தம்பி மனைவி அவர் எதிரில் சாப்பிட உட்காரவே பயப்படுவாள். ஒருமுறை அக்கா வீட்டுக்கு வந்தபோது, பசியோடு இருந்தும், "இப்பதான் அண்ணி சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு, பிறகு சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவசர அவசரமாக விழுங்கினாளாம்.

புதிதாக வேலைக்குச் சேருபவர்களை அக்கா முதலில் தன் ருசி அறைக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். சின்ன அறை. வெள்ளைச் சுவர், ஒரு ஜன்னல், ஒரு கைகழுவும் தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் வைத்த ஃபிளாஸ்க். சென்ட் போட்டவர் அந்த அறைக்குள் நுழையக் கூடாது, வெங்காயம் தின்றவர் வாசலோடு சரி. வந்தவர்கள் கையில் ஆளுக்கு ஒரு துண்டு, சர்க்கரை சேர்க்காத வெறும் மாவு பிஸ்கெட்டைக் கொடுப்பார். "மெல்லுங்க, முழுங்காதீங்க. ஒரு நிமிஷம் வாயிலேயே வெச்சிருங்க." நிமிடம் ஆக ஆக ஒவ்வொரு முகமும் மாறும். "அக்கா, இனிக்குதே!" என்று முதலில் யாராவது ஒருத்தி கத்துவாள். அவ்வளவுதான், அக்கா துள்ளுவார். "இனிக்குதா? நான் சக்கரை போடலையே! எங்கேருந்து வந்துச்சு? உன் எச்சில்தான்டி போட்டுச்சு! மாவை உடைச்சு உடைச்சு இனிப்பாக்குது பாரு. வயித்துக்குள்ள போற முன்னாலயே சீரணம் ஆரம்பிச்சாச்சு. நீ பாட்டுக்கு நின்னுட்டிருக்கே, உள்ள எவ்வளவு பெரிய வேலை நடக்குது!" இருபத்திரண்டு வருடமாக இதே காட்சி. ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்ததைப் போல அவருக்குப் புல்லரிக்கும்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். மாவின் ஈரம், எண்ணெயின் தரம் எல்லாவற்றையும் மீட்டர் வைத்து அளப்பவள். அவள் ஒருநாள் இரண்டு கண்ணாடிக் குழாயில் மாவுக் கஞ்சி ஊற்றி, ஒன்றில் மட்டும் அக்காவைத் துப்பச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து இரண்டிலும் அயோடின் சொட்டினாள். வெறும் கஞ்சி மை கொட்டியதுபோல நீலமாகிவிட்டது. அக்கா துப்பிய கஞ்சி நீலமாகவே இல்லை. மாவெல்லாம் கரைந்து வேறாகிவிட்டது என்று அர்த்தம். அக்கா அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பேக்கிங் பிரிவு முழுக்கச் சுற்றி வந்தார். "என் எச்சில்! என் எச்சில்!" என்று ஒவ்வொரு மேசையிலும் நிறுத்திக் காட்டினார். மகளுக்குப் பரிசு கிடைத்த நாளில்கூட அவர் அப்படிச் சுற்றவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் மீட்டருக்கும் அக்காவுக்கும் ஆகாது. மீட்டர் ஒன்று சொல்லி வாய் வேறொன்று சொன்னால், இந்தத் தொழிற்சாலையில் வாய் சொல்வதுதான் முடிவு. முன்பு ஒருமுறை மீட்டர் சரி என்ற பேட்ச்சில் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அக்கா கண்டுபிடித்துச் சொல்ல, தொழிற்சாலையின் மானம் பிழைத்தது. அதிலிருந்து அந்த வழக்கம். "மீட்டருக்கு நாக்கு இருக்கா? நாக்கு இருந்தாலும் எச்சில் இருக்கா?" என்று கேட்டு அந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிடுவார். முன்பு ருசி பார்க்க மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். இப்போது அக்காவின் வாய் ஒன்றுதான் கோர்ட்டு, கச்சேரி எல்லாம்.

அடுப்பு மாஸ்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். நாற்பது அடி நீள அடுப்பு, அதற்குள் ஊர்ந்து போகும் பெல்ட், ஒரு முனையில் வெள்ளையாக நுழைந்து மறுமுனையில் பொன்னிறமாக வரும் பிஸ்கெட், அத்தனைக்கும் பத்தொன்பது வருடமாக அவர்தான் பொறுப்பு. அதிகம் பேசாத மனிதர். அடுப்பின் கதவருகே முகத்தைக் கொண்டுபோய் மூக்கால் ஒரு தரம் இழுத்தால், உள்ளே எந்த வரிசை எவ்வளவு வெந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இவர் அக்காவுக்குச் சம்பந்தி. அக்காவின் மகளைத்தான் மாஸ்டரின் மகனுக்குக் கொடுத்திருக்கிறது. நாலு வருடமாகிறது. இரண்டு குடும்பமும் பாலும் பழமும்தான், எந்தக் குறையும் இல்லை.

அந்தப் பாலில்தான் போன மாதம் உப்புக்கல் விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை மாஸ்டரின் பேட்ச்சை மென்றுவிட்டு அக்கா "ம்ஹூம்" என்றார். நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாஸ்டரின் வேக்காட்டைக் குறை சொல்லிச் சிவப்புச் சீட்டு விழுந்து யாரும் பார்த்ததில்லை. "வறண்டு கிடக்கு சம்பந்தி. வாயில மரத்தூள் மாதிரி நிக்குது, கரையவே மாட்டேங்குது" என்றார் அக்கா. சொல்லும்போது அவருக்கே வருத்தம்தான். ஆனாலும் சீட்டை ஒட்டினார். மூன்று நாள் கழித்து இன்னொரு பேட்ச். அதற்கும் அதே மரத்தூள். மாஸ்டர் மாவில் கொஞ்சம் நெய்ப்பதம் கூட்டிப் பார்த்தார். மூன்றாவதற்கும் சிவப்பு. "மீட்டர்ல ஈரம் சரியா இருக்குக்கா" என்று பரிசோதனைப் பெண் மெல்ல இழுத்தாள். அக்கா அவளைப் பார்த்த பார்வையில் அவள் மீட்டரோடு உள்ளே போய்விட்டாள்.

மகள் போன் செய்தாள். "அம்மா, மாமா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. வீட்டுல யாரோடயும் பேசமாட்டேங்கிறார். நீ என்னதான் பண்றே அங்கே?"

"நான் என்ன பண்ணட்டும்? வேலைன்னு வந்துட்டா வேலைதான். நாக்குக்குச் சொந்தபந்தம் தெரியாதுடி."

"எனக்குத் தெரியுதே! ஒரே சமையலறையில நான்தானே அவங்க முகத்துல முழிக்கணும்!" என்று மகள் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு அக்கா இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். அந்த நாட்களில் அவர் கையை விட்டுத் தண்ணீர் பாட்டில் இறங்கவே இல்லை. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும், பேசும்போது உதடு பிரியும் சத்தம் கேட்கும். "பேசிப் பேசியே அக்காவுக்கு வாய் காஞ்சு போச்சு" என்று பேக்கிங் பெண்கள் கேலி செய்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

நாலாவது பேட்ச்சில் மாஸ்டர் செய்தது, வேறு எந்த மாஸ்டரும் செய்யத் துணியாத காரியம். சம்பந்தியம்மாவின் வாய் ஈரம் போதவில்லை என்கிறதே என்று, பெல்ட்டின் வேகத்தைக் கூட்டி, பிஸ்கெட்டை அரை நிமிடம் முன்னதாகவே வெளியே எடுத்துவிட்டார். வந்தது பிஸ்கெட்டா அது? வெளிறிப்போய், விரலால் வளைத்தால் முறியாமல் மடங்கியது. மீட்டர் முள் எகிறியது. அக்கா மென்றார். நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். "இதுவும் வறட்சிதான்" என்றார் அக்கா. பரிசோதனைப் பெண் மீட்டரை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தாள்.

மேனேஜர் வந்து அந்த வளைந்த பிஸ்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கே குறை தெரிந்தது. மாஸ்டருக்குக் கை பிசகிவிட்டது என்று முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாஸ்டரை அடுப்பிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி ஏற்றும் கிடங்குக்கு மாற்றும் கடிதம் கொடுப்பதாக ஏற்பாடு. அடுப்பைத் தொட முடியாவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சோறு இறங்கவில்லை. ஆனால் வாய் சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பேக்கிங்குக்குப் புதிதாக ஆறு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மனசு சரியில்லாவிட்டாலும் பழக்கம் விடுமா? அக்கா அவர்களை ருசி அறைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு துண்டு மாவு பிஸ்கெட்டைக் கொடுத்தார், தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, மூக்குத்தி போட்ட ஒருத்தி, "அய், இனிக்குது!" என்றாள். "ஆமாக்கா, எனக்கும்!" "எனக்கும்!" அறையே கலகலத்தது. ஆறு முகமும் அக்காவையே பார்த்தன, இப்போது அக்கா துள்ளுவார் என்று.

அக்கா துள்ளவில்லை. மென்றுகொண்டே இருந்தார். முப்பது, நாற்பது, ஐம்பது. அவர் வாயில் இருந்த துண்டு பொடிப்பொடியாக ஆகி, பொடியாகவே கிடந்தது. இனிப்பு இல்லை. ஒரு துளி இனிப்பு இல்லை.

ஒரே மாவு, ஒரே தட்டு. ஆறு வாயில் இனித்தது ஏழாவது வாயில் ஏன் இனிக்கவில்லை? "பொண்ணுங்களா, நான் இப்ப எலுமிச்சம்பழத்தை ரெண்டா அறுத்து, உப்பு தொட்டு, அப்படியே நாக்குல பிழியப்போறேன்" என்றார் சட்டென்று. பழமும் இல்லை, உப்பும் இல்லை, சொன்னது மட்டும்தான். ஆறு பேரும் "ஸ்ஸ்" என்று வாயை உறிஞ்சினார்கள். அக்கா தன் நாக்குக்கு அடியில் கவனித்தார். அங்கே ஊற்று அசையவே இல்லை.

சாப்பாட்டு மணி அடித்ததோ இல்லையோ, இரண்டு தெரு தள்ளி உள்ள பல் மருத்துவமனைக்கு அக்கா ஓட்டமும் நடையுமாகப் போனார். முடியைக் குட்டையாக வெட்டிய டாக்டரம்மா, வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்தார். கையுறை விரலைக் கன்னத்தின் உள்ளே வைத்ததும் விரல் ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா, பாலைவனம் மாதிரி இருக்கு! ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"தும்மலுக்கு ஒண்ணு. மாவுத் தூசி ஒத்துக்கல. காலையில ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு."

"எத்தனை நாளா?"

"ஒரு மூணு வாரமா."

டாக்டரம்மா கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை அவர் கையில் கொடுத்தார். "அஞ்சு நிமிஷம் எதையும் மெல்லாம, பேசாம, வாயில ஊறுறதை மட்டும் இதுல துப்புங்க." பேசாமல் ஐந்து நிமிடம் இருந்ததுதான் அக்காவுக்குப் பெரிய சிகிச்சை. கடிகாரம் முடிந்ததும் டாக்டரம்மா கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சாதாரணமா ஒன்றரை மில்லி, ரெண்டு மில்லி இருக்கணும். உங்களுக்கு அரை மில்லிகூட இல்ல. அந்த மாத்திரை தும்மலையும் நிறுத்தும், எச்சிலையும் நிறுத்தும்."

அக்கா விரல் கணுக்களில் நாள் எண்ணினார். மாத்திரை தொடங்கிய நாள். முதல் சிவப்புச் சீட்டு ஒட்டிய நாள். நடுவில் நான்கே நாள்தான். "அடி பாவி!" என்று தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டார். "பிஸ்கெட்டு காயல டாக்டர்! நான்தான் காஞ்சு போயிருக்கேன்! பதமா வெந்ததை எல்லாம் மரத்தூள்னு சொல்லி ஒரு மனுஷனைக் கொன்னுட்டேனே!"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விளக்கினார். ருசி நாக்கில் ஏறுவதற்கே எச்சில் வேண்டும், உலர்ந்த நாக்குக்கு எந்தப் பண்டமும் தவிடுதான் என்றார். சாப்பிட்டபின் வாயில் ஊறும் புளிப்பு பல்லை அரிக்கும், அதைக் கழுவித் தணிப்பதும், அரித்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும், கிருமிகளை அடக்கி வைப்பதும் எல்லாம் எச்சில்தான் என்றார். "இப்படியே விட்டா ஈறு ஓரமா ஒவ்வொரு பல்லா சொத்தை விழும்மா. இப்பவே அங்கங்க சிவந்திருக்கு."

"பல்லுக்குக் காவலும் அதுதானா?" அக்காவின் கண் அகன்றது. அந்தக் கலவரத்திலும் பாருங்கள், கை மேலே எழுந்துவிட்டது! "அம்மாடி! எனக்குச் சீரண வேலை மட்டுந்தான் தெரியும் டாக்டர். மருந்து போடுற வேலையும் அதுவே பாக்குதா? இருபத்திரண்டு வருஷமா பாதியைத்தானே சொல்லிட்டு வந்திருக்கேன்!"

"நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. குடுத்த டாக்டர்கிட்டயே போய்ச் சொல்லுங்க, வாயை இப்படி உலர்த்தாத வேற மாத்திரை இருக்கு. தண்ணியை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்க, மெல்ல மெல்ல ஊறும். சில நாள்ல சரியாயிடும்."

"இந்தக் கோப்பையை நான் எடுத்துக்கலாமா?"

"எதுக்கும்மா? தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"தூக்கிப் போடுறதா! சாட்சி டாக்டர், இது சாட்சி!"

மணி இரண்டு ஐம்பது. கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி இரண்டு தெருவை ஓட்டமாகக் கடந்ததை அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சைக்கிள்காரர் ஒருவர், "பாத்துங்கம்மா, கொட்டிடப் போகுது!" என்று வழிவிட்டார். என்ன கொட்டிவிடப் போகிறது என்று பாவம், அவருக்குத் தெரியாது.

மேனேஜர் அறையில் மாஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் மீட்டர் தாள்களோடு பரிசோதனைப் பெண். கடிதம் மேசையில், கையெழுத்துக்காகத் திறந்தபடி. அக்கா கதவைத் தட்டவில்லை. நேரே வந்து கோப்பையைக் கடிதத்தின் மேலேயே வைத்தார்.

"என்னக்கா இது?"

"என் எச்சில் சார்."

"அய்யய்யோ!" மேனேஜர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"பயப்படாதீங்க, கடிக்காது. அஞ்சு நிமிஷம் துப்பினது சார், இவ்வளவுதான் வந்துச்சு. அரை மில்லி! தும்மல் மாத்திரை என் வாயைக் காயவெச்சிருச்சு. இவர் பிஸ்கெட்டுல வறட்சி இல்ல. வறட்சி என் வாயில. அதை நான் அடுப்பு மேல எழுதிட்டேன்."

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. சம்பந்திக்காகக் கதை கட்டுகிறார் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அக்காவுக்கு அது புரிந்தது, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்பலையா? சரி, நீங்களும் துப்புங்க."

"என்னது?"

"அஞ்சே நிமிஷம். ஏ பொண்ணு, நீயும்தான். சம்பந்தி, நீங்களும்!" என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து கோடு போட்ட கோப்பை மூன்றை வரவழைத்துவிட்டார். மறுக்க முடியுமா அந்த வேகத்தில்? ஒரு மேனேஜர், ஒரு பரிசோதனைப் பெண், ஒரு அடுப்பு மாஸ்டர், மூன்று பேரும் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு மும்முரமாகத் துப்பினார்கள். ஜன்னலுக்கு வெளியே பேக்கிங் பிரிவே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. மேனேஜருக்கு ஒன்றே முக்கால் மில்லி. பெண்ணுக்கு ஒன்றரை. மாஸ்டருக்கு இரண்டுக்கு மேலே, நுரை தனி. நாலு கோப்பையும் வரிசையாக மேசையில் நின்றபோது, அக்காவின் கோப்பையில் கோடு எங்கே இருக்கிறது என்று மேனேஜர் குனிந்து பார்த்தார்.

"நிறுத்தி வெச்ச நாலு பேட்ச்சையும் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார் அக்கா. "அஞ்சு பேர் வாயில போட்டுப் பாருங்க. என் வாயைக் கேக்காதீங்க."

கொண்டுவந்தார்கள். மேனேஜர், பரிசோதனைப் பெண், காலையில் சேர்ந்த மூக்குத்திக்காரி, இன்னும் இரண்டு பேர். முதல் பேட்ச்சை மென்றதும் மூக்குத்திக்காரி, "நல்லாத்தானே இருக்கு, கரையுது" என்றாள். இரண்டாவது, மூன்றாவது, எதிலும் குற்றமில்லை. மீட்டர் தாளை மேசையில் விரித்த பரிசோதனைப் பெண், சத்தம் போடாமல் அழுதேவிட்டாள். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீ அன்னைக்கே சொன்னே. நான்தான் கேக்கல. என்னை மன்னிச்சிருடி."

நாலாவது மட்டும் யார் வாயிலும் நிற்கவில்லை, பச்சை மாவு. "இதுக்கு என்னக்கா சொல்றீங்க?" என்றார் மேனேஜர்.

"அதுவும் என் தப்புதான். இந்த வாய்க்கு ஈரம் போதலைன்னு அவர் வேகவெக்காம எடுத்திருக்கார். பத்தொன்பது வருஷத்துல அவர் கெடுத்தது அந்த ஒண்ணு. அதையும் என் பேச்சைக் கேட்டுத்தான் கெடுத்தார்." அக்கா இடுப்பிலிருந்து பச்சைச் சீட்டுக் கட்டையும் சிவப்புச் சீட்டுக் கட்டையும் உருவி மேசையில் வைத்தார். அந்த இரண்டு கட்டையும் அவர் இதுவரை வீட்டுக்குப் போகும்போதுகூட யாரிடமும் கொடுத்ததில்லை. "என் கோப்பையில ஒன்றரை மில்லி வர்ற வரைக்கும் இதை என் கையில குடுக்காதீங்க சார். அதுவரைக்கும் மூணு பேரு ருசி பாக்கட்டும். மீட்டரும் பாக்கட்டும். வந்தாலும் சரி, இனிமே என் வாய் மட்டும் தனியா முடிவு சொல்லக் கூடாது."

மேனேஜர் கோப்பையை இரண்டு விரலால் நாசூக்காகத் தூக்கி ஓரம் வைத்தார். கடிதத்தில் வட்டமாக ஈரம் படிந்திருந்தது. அதை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

தேநீர் மணி அடித்தது. கூட்டம் கலைந்து, சிரிப்பும் சத்தமுமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. துப்பிய கதை அதற்குள் மூன்று விதமாகிவிட்டது. அக்கா ஓரத்து மேசையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தார். எச்சில் பல்லுக்கு மருந்து போடும் புதுச் செய்தியை இந்த நேரம் அவர் நாலு பேரிடமாவது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் அறையிலிருந்து மாஸ்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறியது அவருக்குள் முள்ளாக நின்றது. மூன்று வாரம் அந்த மனிதரை நாற்பது பேர் முன்னால் நிற்கவைத்தாயிற்று. மன்னிப்பு கேட்டால் போதுமா? அதையும் எந்த முகத்தோடு கேட்பது?

எதிரே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மாஸ்டர். கையில் தேநீர், சாசரில் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிய பிஸ்கெட் ஒன்று. சூடு இன்னும் ஆறவில்லை.

"சம்பந்தி" என்று அக்கா ஆரம்பித்தார். நாக்கு ஒட்டிக்கொள்ள, பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிஸ்கெட்டை எடுத்துத் தேநீரில் முக்கினார். உதடு அசையாமல் மனசுக்குள் எதையோ எண்ணினார். நன்றாக ஊறி, உடைந்து விழுவதற்கு ஒரு கணம் முன்பாக, சிந்தாமல் சிதறாமல் அதை எடுத்துச் சாசரில் வைத்து, சாசரை அக்காவின் பக்கம் தள்ளினார்.